கேட்கும் முன்னே நீட்டிய அட்டை

அவருடைய வீட்டு மணியை நான் முதன்முதலில் அழுத்தியது கொஞ்சம் உப்புக்காக. கறிக்கு அல்ல, வெளிப்படிக்கட்டில் உறைந்துகிடந்த பனியில் தூவுவதற்கு. பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தின் கார்ட்டியர்வில் பகுதியில் அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு நான் குடிவந்த புதிது. மேல்தளத்தில் உன் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வீட்டுச் சொந்தக்காரி சொல்லியிருந்தாள். கதவைத் திறந்தவர் எழுபதைத் தொடப்போகிற, மெலிந்த, நன்றாகச் சவரம் செய்த மனிதர். நான் வணக்கம் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து தன் படம் போட்ட அடையாள அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை வாங்கிப் பார்த்து, "நல்ல படம்" என்று உளறினேன். அவர் திருப்பி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, உப்பு எவ்வளவு வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்டார். விளையாட்டுக்காரர் போலும் என்று நினைத்து நானும் என் கல்லூரி அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் சடக்கென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். சுடுசட்டியைக் கண்ட பிள்ளை அப்படித்தான் செய்யும். அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அந்தப் பெயருக்கு இன்னும் எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. வேண்டாத இடங்களிலெல்லாம் அந்தப் பெயரை எழுதியாயிற்று. நானும் ஒருமுறை எழுத வேண்டாம்.

அட்டையைக் காட்டுவது அவருக்கு மூச்சுவிடுவது போல. மெட்ரோ நிலையத்தில் பரிசோதகர்கள் தூரத்தில் தெரிந்தாலே பயணச்சீட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். அவர்கள் வேறு ஆட்களைப் பார்க்க வந்திருப்பார்கள். சந்தியிலுள்ள தெப்பனர் என்கிற சிறு கடையில் பால் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது பையைத் திறந்து காசாளருக்குக் காட்டிவிட்டுத்தான் வருவார். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் "நோ, நோ, மெஸ்யூ" என்று கையை ஆட்டுவாள். அவர் மன்னார்க் கத்தோலிக்கர். கோவில் பூசையில் குருவானவரிடம் நன்மை அப்பம் வாங்கப் போகும்போதுகூட அவருடைய கை சட்டைப்பைவரை போய்த் திரும்பி வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டே விட்டேன். எனக்குப் பொறுமை குறைவு. நினைத்ததைக் கேட்காவிட்டால் சோறு இறங்காது.

"கேக்க முதல் காட்டிப்போட்டா அவனுக்குக் கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை" என்றார்.

ஊரில் அவர் பஸ் நடத்துநராக இருந்தவர். மன்னாருக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஓடிய பஸ். சண்டைக் காலத்தில் அந்தப் பாதையில் ஆயுதக்காரர் அட்டை பார்க்கவென்று பஸ்ஸை மறிக்காத இடம் இல்லை. மறிப்பவன் வாயைத் திறப்பதற்கு முன்னரே இவர் சனத்தை இறக்கி வரிசையில் விட்டு, எல்லாருடைய அட்டைகளையும் முன்னதாகவே சேகரித்து விசிறி போலப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அதனால்தான் மற்ற பஸ்கள் மணிக்கணக்கில் வெயிலில் காய, இவருடையது போய்க்கொண்டே இருந்ததாம். இதைச் சொல்லி முடிக்கும்போது எப்போதும் ஒரே வசனம்தான்: "என்ர பஸ்ஸில ஏறின ஒரு சனத்தையும் நான் நடுவழியில விட்டிட்டு வந்ததில்லை." அங்கிள் என்று நான் அழைத்தபோது வேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான். பஸ்ஸில் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்களாம், அதுவே போதுமாம்.

கர்க்லாண்டில் இருந்த மகள் அவருக்கு ஒரு கணினி கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் அவளும் கணவனும் பாவித்துக் கழித்தது. பேரனுடைய முகத்தைத் திரையில் பார்க்கவும், கோவில் பூசையைக் கேட்கவும் அது போதும். நான் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் கணினி உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். பாஸ்வேர்டை மறந்த மாணவர்களையும், மறந்ததை ஒப்புக்கொள்ளாத பேராசிரியர்களையும் திட்டாமல் திட்டுவதுதான் என் தொழில். ஆகவே மகள் என்னிடம், "அக்கா, நேரம் இருந்தா ஒருக்கா அதைப் பாத்துவிடுங்கோ, அப்பாவின்ர சத்தம் எனக்கு விட்டு விட்டுத்தான் வருகுது" என்று சொன்னாள்.

மேலே போய்த் திரையைப் பார்த்ததும் தலை சுற்றியது. கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இதை அனுமதிக்கலாமா, அதைச் சேர்க்கலாமா என்று சிறு பெட்டிகள் எழும்பும் அல்லவா? அவர் ஒன்றுக்குக்கூட இல்லை என்று சொல்லியிருக்கவில்லை. வைரஸைத் தடுக்கவென்று மூன்று காவல் நிரல்கள் உட்கார்ந்து ஒன்றையொன்று பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தன. தேடுவதற்குப் போனால் பெயர் தெரியாத ஏதோ ஒரு தளம் திறந்தது. யாரோ முகம் தெரியாத நகரத்துக்காரனுக்கு மழை பெய்யுமா என்ற தகவல் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. எவன் கேட்டாலும் ஓம், எது கேட்டாலும் ஓம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி பிறகுதான் வந்தது. உண்மையான அப்டேட், அந்தக் கணினியைச் செய்தவர்களே ஓட்டைகளை அடைப்பதற்கு அனுப்புகிறது, பல ஆண்டுகளாகப் போடப்படாமல் கிடந்தது. கண்டதற்கெல்லாம் ஓம் சொன்ன மனிதர் இதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் "பிறகு" என்று அழுத்தியிருக்கிறார்.

"இதை மட்டும் ஏன் அண்ணை பேந்து பேந்து எண்டு விட்டனீங்கள்?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இப்ப செய்யட்டோ, பேந்து செய்யட்டோ எண்டெல்லோ கேக்குது. துவக்கோட நிண்டவன் ஒருத்தனாவது உனக்கு எப்ப வசதி எண்டு கேட்டிருக்கிறானோ? அப்பிடிக் கேக்கிறவன் நல்லவன். நல்லவனுக்குப் பயப்பிடத் தேவையில்லை. அவன் நிக்கட்டும்."

கல்லூரியில் எத்தனையோ முட்டாள்தனங்களைக் கேட்டவள் நான். அதில் சோம்பல் இருக்கும், அலட்சியம் இருக்கும். இந்த மனிதரிடம் இருந்தது கணக்கு. தன் அனுபவத்தில் ஒரு பிழையும் இல்லாத கணக்கு. அந்தக் கணக்கின்படி மிரட்டுகிறவனுக்குத்தான் முதலில் திறக்க வேண்டும், பணிவாகக் கேட்கிறவன் வாசலில் காத்திருக்கலாம்.

அன்று முழுவதும் இருந்து அந்தக் கணினியைத் துப்புரவாக்கினேன். அப்டேட் எல்லாவற்றையும் போட்டேன். அது அணைந்து அணைந்து எழும்பியபோதெல்லாம் அவர் எழுந்து நின்றார். புதிதாக எதையும் நிறுவுவதென்றால் என் பாஸ்வேர்ட் வேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டேன். பிறகு பாடம் எடுத்தேன். உங்கள் கூரையில் ஓடு உடைந்திருக்கிறது என்று கட்டினவனே புது ஓட்டோடு வந்து வாசலில் நிற்கிறான், அவனை நிற்கவிட்டுக் கள்ளனுக்குக் கதிரை போடுகிறீர்களே அண்ணை என்றேன். அப்டேட் வந்தால் உடனே போடுங்கள், கத்துகிற பெட்டிக்கு இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். அவருடைய ஓம் எவ்வளவு பெறுமதியானது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்ததால், செய்து காட்டச் சொன்னேன்.

ஒரு தீங்கும் இல்லாத ஒரு பெட்டியை நானே திரையில் கொண்டுவந்து, இல்லை என்பதை அழுத்துங்கள் என்றேன். அவருடைய விரல் அதன் மேல் போய் நின்றது.

"ஏன் இல்லையெண்டு கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"ஒருவரும் கேக்கமாட்டினம் அண்ணை."

"கேப்பாங்கள், பிள்ளை."

நான் விடவில்லை. வற்புறுத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். பெட்டி மறைந்தது. அழுத்திய உடனே அவர் திரையைப் பார்க்கவில்லை. வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற அப்பாவி என்றுதான் நான் அதுவரை அவரை நினைத்திருந்தேன். அந்த மனிதர் யாரையும் நம்பவில்லை என்பது அந்தத் திரும்பலில் தெரிந்தது.

அதன் பிறகு கொஞ்சக்காலம் திரையில் எது எழும்பினாலும் படியிறங்கி வந்து, "பிள்ளை, அவை கேக்கினம்" என்பார். நான் போய்ப் பார்ப்பேன். உண்மையான அப்டேட் என்றால் இருவருமாகப் போடுவோம். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட வந்தது. மகளிடம் தொலைபேசியில், எல்லாம் அப்டேட் பண்ணி வச்சிருக்கிறன் என்று சொல்வது கீழே எனக்குக் கேட்கும். பின்பு அவர் வருவது குறைந்தது, நின்றும் போயிற்று. என் பாடம் ஏறிவிட்டது என்று நான் மகிழ்ந்துபோனேன்.

அந்தப் பனிக்காலத்தில் சனிக்கிழமைக் காலைகளில் அவர் வீட்டில் ஒரு புது ஒழுங்கு தொடங்கியது. பத்து மணி ஆகும்போது மேலே கதிரை இழுபடும். பிறகு ஒரு சத்தமும் இராது. கொஞ்ச நேரம் கழித்துக் கதிரை மறுபடி இழுபடும். சனிக்கிழமையும் பூசை கேட்கிறார் போல என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மீன் சொதி வைத்தேன். சூடாக இருக்கும்போதே கொடுக்கலாம் என்று மேலே கொண்டுபோனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

அவர் கணினிக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். கன்னத்துக்குப் பக்கத்தில் தன் அட்டையைப் பிடித்திருந்தார். மேசையில் கடவுச்சீட்டு விரித்தபடி கிடந்தது. கணினியிலிருந்து ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில், இடப்பக்கம் திரும்பு என்றது. இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் என்றது. திரும்பினார். திரையில் அம்புக்குறி தன்பாட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை அவர் தொடவில்லை.

சொதிச்சட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. என்னைக் கண்டதும் அவர் பயந்தது தனக்காக அல்ல. ஒரு கையால் அட்டையைப் பிடித்தபடியே மற்றக் கையால், கமராவின் பார்வையில் படாமல் தள்ளி நில் என்று எனக்குக் காட்டினார். நான் தள்ளி நிற்கவில்லை. பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த இணைய வயரை இழுத்தேன், கணினியின் பிளக்கையும் பிடுங்கினேன்.

வீடு சட்டென்று அமைதியானது. அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"என்ன செய்துபோட்டாய், பிள்ளை" என்றார். "இனி அவை மகளிட்டப் போவினம்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. முன்பொருநாள் திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் ஊதி, உன் கணினியின் அப்டேட் பிழையாகிவிட்டது, உடனே இந்த இலக்கத்துக்கு அழை என்று எழுத்து வந்திருக்கிறது. நான்தானே அப்டேட் என்றால் உடனே செய்யச் சொன்னேன், அழைத்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதை. பேசியவன் தன்னை அதிகாரி என்றிருக்கிறான். உன் கணினியிலிருந்து யாரோ குற்றம் செய்திருக்கிறார்கள், இந்தக் கணினி உன் மகளின் பெயரில் வாங்கியது, விசாரணை முடியும்வரை ஒவ்வொரு சனியும் பத்து மணிக்கு நீ எங்களுக்கு முகம் காட்ட வேண்டும், தவறினால் அவளைத்தான் கூப்பிடுவோம், ஒருவருக்கும் சொல்லாதே என்றிருக்கிறான். நான் போட்ட பூட்டு ஒன்றுக்கும் உதவவில்லை. அவர்கள் சொன்ன தளத்துக்குப் போய், சொன்ன இலக்கத்தை அடித்து, இவரே உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டார். ஊரில் இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைத்துப் பழகிய ஆளுக்கு அதில் ஒரு வியப்பும் இருக்கவில்லை.

அவருக்கு விளங்காதது எனக்கு விளங்கியது. முகத்துக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்து இடமும் வலமும் திரும்புவது, இணையத்தில் புதுக் கணக்குத் திறக்கும்போது ஆள் உண்மையானவரா என்று பார்க்கிற வழி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் எங்கோ ஓரிடத்தில் அவருடைய பெயரில் இன்னொரு ஆளை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த ஆட்கள் எங்கே என்ன செய்கிறார்களோ! வங்கிக்கு அழைக்க வேண்டுமென்று கீழே என் தொலைபேசியை எடுக்க ஓடினேன். திரும்பி மேலே வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை. கோட்டும் பூட்ஸும் இல்லை. மேசையிலிருந்த அட்டையும் இல்லை.

எங்கே போயிருப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மகளுக்கு அழைத்தேன். மகனை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுவந்திருப்பதாகவும் வீட்டில் ஒருவரும் இல்லையென்றும் சொன்னாள். அப்பா உன் வீட்டுக்குத்தான் போகிறார், உடனே அங்கே வா என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். முதலில் நம் தெரு பஸ் நிறுத்தத்தைப் பார்த்தேன், ஆள் இல்லை. நெடுஞ்சாலையில் பனி தூறி வாகனங்கள் நகர மறுத்தன. உள்வீதிகளால் ஓடிய பஸ்களில் மாறி மாறிப் போன அவர் எனக்கு முன்னரே கர்க்லாண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

மகளின் வீட்டு வாசலில், பனி வழிக்கும் வண்டி தள்ளிவிட்டுப் போன குவியலுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். மணியை அழுத்தவில்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். கையுறை போடாத கையில் அட்டை. புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபம்தான் முந்தியது. ஒருவரும் வரமாட்டார்கள், அவர்கள் கள்ளர்கள் என்று தெருவில் நின்று கத்தினேன்.

"அவை வந்தா முதல் என்னைத்தான் காண வேணும்" என்றார். "நீ படிச்ச பிள்ளை. ஆனா நீ அந்தப் பஸ்ஸில வரேல்லை."

காலாவது சூடாகட்டும் என்று கெஞ்சி, தெருவைப் பார்த்தபடியே இருக்கலாம் என்று வாக்குக் கொடுத்து, ஒருவாறு காரின் முன்னிருக்கையில் ஏற்றினேன். சூட்டைக் கூட்டினேன். என் தொழில் அறிவெல்லாம் அந்த மனிதரிடம் செவிடன் காதில் ஊதிய சங்கு. அவருடைய பாதையிலேயே போய்ப் பார்ப்போம் என்று தோன்றியது. உங்கள் பஸ்ஸை மறித்தவர்களில் பொய்யான ஆட்கள் ஒருவரும் இருக்கவில்லையா என்று கேட்டேன்.

"இருந்தவங்கள்" என்றார்.

"எப்பிடி அண்ணை கண்டுபிடிச்சனீங்கள்?"

"அது லேசு. உண்மையானவன் எல்லாரையும் இறக்குவான். வரிசையில விடுவான், சத்தம் போடுவான், ஊருக்கே தெரியச் செய்வான். மற்றவங்கள்தான் மெதுவா வந்து ஆளைத் தனியக் கூப்பிட்டு, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு…"

அத்தோடு நின்றுவிட்டார். கண்ணாடியில் விழுந்து உருகும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவனும் தனியத்தான் கூப்பிட்டவன்" என்றார்.

வென்றுவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது, இனி வங்கியும் பொலிசும் என் வேலை. ஆனால் அவர் சொல்லி முடித்திருக்கவில்லை.

"அண்டைக்கும் எனக்குத் தெரிஞ்சது, பிள்ளை" என்றார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். எல்லாருடைய அட்டைகளும் வழக்கம்போல அவருடைய கையில் இருந்திருக்கின்றன. ஒருவன் மட்டும் மிதிபலகைக்கு மெதுவாக வந்து, சத்தமில்லாமல், ஒரே ஓர் அட்டையைக் கேட்டிருக்கிறான். டைப்பிங் படிக்கப் போய்வருகிற ஒரு பெண்ணுடைய அட்டை. இவன் சரியான ஆள் இல்லை என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே பஸ் நிறையச் சனம். எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"இறங்கேக்க என்னைப் பாத்துக் கேட்டவ, அண்ணை பஸ் நிக்கும்தானே எண்டு. ஓமெண்டனான். பிறகு பஸ்ஸை எடுக்கச் சொல்லி மணியை அடிச்சன்."

ஒரு சனத்தையும் நடுவழியில் விட்டிட்டு வந்ததில்லை என்று இந்த வாய் எத்தனை முறை எனக்குச் சொல்லியிருக்கிறது! அவரை எனக்கு வெறுக்க முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாத ஆள் போல ஒரு கணம் பயந்தேன், அடுத்த கணம் அந்த விறைத்த கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப இருந்தா உன்னைவிடக் கொஞ்சம் மூப்பா இருப்பா" என்றார். "அதுக்குப் பிறகு ஒருத்தற்ற கார்ட்டையும் நான் கையில வாங்கினதில்லை. ஆர் வந்தாலும் என்ரதைத்தான் முதல் நீட்டுறது. என்ரதைக் கண்டாப் பிறகு மற்றவையின்ரதைக் கேக்காமல் விட்டாலும் விடுவாங்கள்."

மகளின் கார் வந்து நின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்று பின்னேரம் பொலிஸ்காரி ஒருத்தி மகளின் வீட்டுக்கே வந்தாள். வயதானவர், அலைக்க வேண்டாம் என்று கேட்டு மகள் வரவழைத்திருந்தாள். இளம் பெண், பொன்னிறத் தலைமயிரைப் பின்னிக் கட்டியிருந்தாள். "பொன்ஜூர்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, ஈரப் பூட்ஸை மிதியடியில் துடைத்தாள். அவருடைய கை சட்டைப்பைக்குப் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை அங்கேயே நின்றது.

"முதல் அவவின்ரதைக் காட்டச் சொல்லு, பிள்ளை" என்றார்.

என் காதை நான் நம்பவில்லை. மகள் திகைத்து, "அப்பா, அவ பொலிஸ் உடுப்போட நிக்கிறா" என்றாள். உடுப்போட எத்தினை பேரைக் கண்டிருக்கிறன் என்று மட்டும் அவர் சொன்னார். நான் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் அதைச் சொன்னேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. நல்லது, எல்லாரும் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று சொல்லித் தன் அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நிதானமாக வாசித்தார். பிறகுதான் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார்.

அவள் எழுதிக்கொண்டாள். முறைப்பாட்டில் சேர்ப்பதற்கு எங்கள் இருவருடைய அட்டைகளையும் பார்க்கலாமா என்று கேட்டாள். மகள் கைப்பையை எடுக்க எழுந்தாள். என் கையும் என் பைக்குள் போய்விட்டது. அவர் சட்டென்று எழும்பி, எங்கள் இருவருக்கும் முன்னால் வந்து, கையைக் குறுக்கே நீட்டினார். பஸ்ஸின் மிதிபலகையில் நின்று உள்ளேயிருக்கும் சனத்தைத் தடுக்கிற நடத்துநரின் கை அது.

"நீங்கள் இருங்கோ. என்ரது காணும்."

"அப்பா, அது சும்மா வழமையாக் கேக்கிறது" என்று மகள் சலித்துக்கொண்டாள். அந்தப் பஸ்ஸைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் பைக்குள் இருந்த கையை வெறுமையாக வெளியே எடுத்தேன். பொலிஸ்காரி அவருடைய கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பேனையை மூடினாள். இப்போதைக்கு இது போதும், மற்றவற்றைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவளுடைய கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவர் அந்தக் கையை இறக்கவில்லை.